பெரியம்மா பெற்ற மகள்

கீழ் வீட்டில் யாரோ வாளைக் கருவாடு சுடுகிறார்கள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். காபியைக் கையில் எடுத்ததும் மாடிப்படி வழியே வாசனை ஏறி வந்துவிட்டது. கீழே குடியிருப்பவர்கள் சைவம். போன மாதம் குடிவந்த அன்றைக்கே அதைத்தான் முதலில் சொன்னார்கள். அப்படியிருக்க, சுடுவது யார், யாருக்காக? நீ இருந்திருந்தால் இந்நேரம் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருப்பாய். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டு கருவாடும் வாயில் முழுக் கதையும் இருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை நான் தெரிந்துகொண்டதே ஒரு கேள்வியால்தான். ராயபுரத்துப் பள்ளியில் நாம் ஏழாம் வகுப்பு. நீ எண்ணூர் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாய், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பாதி நாள் முதல் பாடத்தைத் தவறவிடுவாய். புவியியல் டீச்சர் கடல் வழிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, “கப்பல்ல ஒரு புள்ள பொறந்தா அது எந்த ஊரு புள்ள டீச்சர்?” என்று கேட்டாய். டீச்சர் உட்காரச் சொன்னார். வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பாவிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது கப்பல் கொடியைப் பொறுத்தது என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமில்லை என்றார். மறுநாள் அதை உன்னிடம் வந்து சொன்னேன். “கொடியா பெத்துது?” என்றாய். அன்றிலிருந்து நாம் ஒரே பெஞ்சு.

பள்ளி முடிந்ததும் நீ காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாய். நான் டைப்ரைட்டிங் படித்து, பிறகு பாரிமுனைச் சந்து ஒன்றில் மொழிபெயர்ப்பு மேசை போட்டேன். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, ஜாதிச் சான்றிதழ், வெளிநாடு போகிறவர்களுக்குத் தமிழில் இருப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை வைத்துக் கொடுப்பது. இன்றும் அதே வேலைதான்.

உன் அக்கா மஞ்சள் காமாலையில் போனபோது அவள் குழந்தை காவ்யாவுக்குத் தலைகூட நிற்கவில்லை. அவளுடைய அப்பா அவள் வயிற்றில் இருக்கும்போதே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். குழந்தையை ஏதாவது இல்லத்தில் விடலாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். உனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, கையில் ஒரு குழந்தையோடு இருப்பவளை யார் கட்டுவார்கள் என்பது அவர்கள் கவலை. நீ யாரிடமும் சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலடிப்பேட்டையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டாய். கம்பெனிக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு மல்லிகாக்கா பார்த்துக்கொண்டார்.

அந்த அறைச் சுவரில் உன் அக்கா படம் மாட்டியிருந்தாய். பேச்சு வந்ததும் காவ்யா உன்னை அம்மா என்றாள். படத்தைக் காட்டி, “பெரிம்மா” என்றாள். நான் உன்னைத் தனியே கூப்பிட்டு, பெற்றவளைப் போய்ப் பெரியம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாயே என்று கேட்டேன்.

“நான் அம்மான்னா, எங்கக்கா அவளுக்கு இன்னா வேணும்? பெரியம்மாதான. அவங்கதான் உன்ன பெத்தாங்கன்னும் சொல்லிகீறேன். எதையும் மறைக்கல” என்றாய்.

 இந்தப் பேச்சு பல வருடம் கழித்து ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் கோப்பில் போய் முட்டும் என்று அன்றைக்கு யார் நினைத்தோம்?

ரவி உங்கள் தெருவுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போது இலங்கையிலிருந்து படகில் வந்து முகாமில் வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். சாரத்தில் உட்கார்ந்து சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவரிடம் நீ கீழே நின்று, உங்கள் ஊரில் மீனுக்கு என்ன பேர் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு மீனாகக் கேட்டாயாம். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் சுவர் காய்ந்துவிட்டதாம். கல்யாணத்துக்கு முன்பே காவ்யாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாய். அவர் சொன்ன பதில் உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது: தனக்கு அப்பா முகமே ஞாபகமில்லை, அதனால் ஒரு பிள்ளைக்கு அப்பாவாக இருந்து பார்க்க ஆசை என்றார். காவ்யா ஒரு வாரத்துக்குள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள். சில வருடம் கழித்து கிஷோர் பிறந்தான்.

அகதி அட்டையை வைத்துக்கொண்டு எங்கும் நிலையாக வேலைக்குப் போக முடியவில்லை. கிஷோர் தவழத் தொடங்கிய வருடம் ரவி கிளம்பிப் போனார். எப்படிப் போனார் என்பதை நீ என்னிடம் சொல்லவில்லை. நீ சொல்லாமல் விட்ட ஒரே கதை அதுதான். வடக்கே ஒரு குளிர் நாட்டில் அவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, தங்க அனுமதி கிடைத்தது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் போட வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதங்களையும் போட்டுக்கொண்டு நீ என் மேசைக்கு வந்தாய். வந்து உட்கார்ந்ததும், “குடும்பம்னா யாரு யாருன்னு அந்த ஊர்ல எழுதி வெச்சிகீறாங்களா ஸ்டெல்லா?” என்று கேட்டாய்.

எழுதித்தான் வைத்திருந்தார்கள். கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். உன் திருமணச் சான்றிதழ் இருந்தது, கிஷோரின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. காவ்யாவின் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் உன் அக்கா பெயர். ரேஷன் கார்டில் அவள் உன் மகள். பள்ளியில் நீ காப்பாளர். தத்துப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. சொந்த அக்கா பிள்ளையை வளர்க்கப் பத்திரம் எழுத வேண்டும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தோன்றும்? இப்போது புதிதாக எழுதினால் விசாவுக்காக எழுதியது போலத் தெரியும் என்று ஹைகோர்ட் வக்கீல் ஒருவர் எச்சரித்தார். வேண்டுமானால் கோர்ட்டில் காப்பாளர் உத்தரவு வாங்கலாம் என்றார். அதை வாங்கினோம்.

ரவிக்கு அங்கே இலவசமாக உதவ ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். நரைத்த தலை, உரத்த குரல். வீடியோவில் அவர் ஆங்கிலத்தில் சொல்ல நான் உனக்குத் தமிழில் சொல்ல, என் மேசையில்தான் அந்தப் பேச்செல்லாம் நடந்தது. அவரிடம் நீ கேட்ட கேள்விகளுக்காகவே நான் அந்தச் சட்டங்களைத் தேடிப் படித்தேன். அதற்கு முன் ஐ.நா. உடன்படிக்கைகள் என்பவை எனக்குச் செய்தித்தாளின் உள்பக்கச் சமாசாரம். படிக்கப் படிக்க ஆர்வம் பிடித்துக்கொண்டது. குடும்பம் சமுதாயத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு, அதைச் சமுதாயமும் அரசும் காக்க வேண்டும் என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை சொல்கிறது. பிள்ளையும் பெற்றோரும் ஒன்றுசேரப் போடும் மனுக்களை நல்லெண்ணத்தோடும் மனிதத்தன்மையோடும் சீக்கிரமாகவும் கவனிக்க வேண்டும் என்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்கிறது. இரண்டிலும் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. குடும்பம் என்றால் யார் என்று இரண்டுமே சொல்லவில்லை.

அதை உன்னிடம் சொன்னபோது உன் கண் பெரிதானது. “அத்த மட்டும் ஏன் வுட்டுட்டாங்கோ?”

வழக்கறிஞரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். உலகத்தில் உள்ள எல்லா ஊர்க்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து குடும்பத்துக்கு அர்த்தம் எழுதப் போனால் இன்றைக்கும் முடித்திருக்க மாட்டார்கள் என்றார். பிறகு, அந்த முதல் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு ஒரு விளக்கம் தந்திருப்பதாகச் சொன்னார். அதன் கருத்து, குடும்பம் என்ற சொல்லை விரிவாகப் பார்க்க வேண்டும், சம்பந்தப்பட்ட நாட்டின் சமுதாயத்தில் யாரெல்லாம் குடும்பமாகக் கருதப்படுகிறார்களோ அவர்கள் எல்லாரும் அதில் சேர்வார்கள் என்பது. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நீ கேட்டுவிட்டாய்:

“எந்த சமுதாயம்? நம்மளுதா, அவங்களுதா?”

 சண்டையே அங்கேதான் இருக்கிறது என்றார் வழக்கறிஞர். எழுத்துப்படி பார்த்தால் முடிவெடுக்கும் நாட்டின் சமுதாயம். ஆனால் பிரிந்து கிடக்கும் குடும்பம் வேறொரு சமுதாயத்தில் உருவானது. அதைப் பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது என்றுதான் தாங்கள் வாதாடுகிறோம், சில சமயம் ஜெயிக்கிறோம், சில சமயம் இல்லை என்றார். நேர்மையாகச் சொன்னார் என்று உனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்த சில வாரத்தில் அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. மனைவிக்கும் மகனுக்கும் தடையில்லை, சிறுமியின் மனுவைத் தனியாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்றது அது. அன்று மாலை ரவி போன் செய்தபோது நான் உன் வீட்டில் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாய். அவர் சுற்றி வளைத்துச் சொன்னார்: நீயும் பிள்ளையும் முதலில் வந்துவிடுங்கள், காவ்யாவை உன் அண்ணன் வீட்டில் விட்டால் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம், காலம் தாண்டிவிட்டால் எல்லாருக்குமே இல்லாமல் போய்விடும். அவர் சொன்னதில் கணக்குத் தவறில்லை. குரலில் இரண்டு வருடத் தனிமை இருந்தது.

நீ கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாய். “ஒருத்திய வுட்டுட்டு வந்தா அது இன்னா சேர்றது?” என்றாய். அவர் என்னமோ சொன்னார். “நீ அங்க தனியா கீறேன்னு எனக்குத் தெரியும். அவள இங்க தனியா வுட்டா சரியா பூடுமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பல நாள் அவர் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. கல்யாணமே முறிந்துவிடுமோ என்று பயந்தேன்.

காவ்யா உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. அந்த வாரம் பள்ளி விட்டதும் தனியாகப் பஸ் ஏறி என் மேசைக்கு வந்தாள். உனக்கு இது தெரியாது. பதிமூன்று வயது, சீருடை, தோளில் பை. உட்காரக்கூட இல்லை.

“நான் இல்லன்னா அவங்க மூணு பேரும் ஒண்ணாயிடலாம் இல்ல ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

 சட்டத்தில் நான் படித்த எந்த வாக்கியமும் வாயில் வரவில்லை. ஜூஸ் வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன். பிறகு ரவிக்குப் போன் செய்து அவள் கேட்டதை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே சொன்னேன்.  பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் உன் போனுக்கு வந்தார். உன்னிடம் பேசவில்லை, காவ்யாவைக் கேட்டார். நீ எனக்குச் சொன்னதுதான் இது. தன்னைப் படகில் ஏற்றியபோது, நீ முதலில் போ, அம்மா அடுத்த படகில் வருவார் என்று மாமா சொன்னாராம். கரையில் இறங்கி ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அம்மா வரவேயில்லை, பிறகு செய்திதான் வந்தது. இதை அவர் உன்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை. கடைசியில் காவ்யாவிடம், “நீ வராம ஆரும் வரத் தேவையில்ல பிள்ளை. அப்பா காத்திருக்கிறன்” என்றார். போனை வாங்கி நீ பேச முயன்றாய். இருவருமே அழுததில் ஒன்றும் பேசவில்லையாம்.

மனுவை மூன்று பேருக்கும் சேர்த்தே நடத்தும்படி வழக்கறிஞர் எழுதிக் கேட்டார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நகரத்தின் தெற்கே ஒரு கண்ணாடிக் கட்டிடம், திரையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் அவர்கள் வைத்த மொழிபெயர்ப்பாளர். என்னை உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். நீங்கள் வெளியே வந்ததும் நடந்ததை நீ நடித்தே காட்டினாய்.

அதிகாரி காவ்யாவிடம், உன் அம்மா யார் என்றார். இவங்கதான் என்று உன்னைக் காட்டினாள். உன்னைப் பெற்றது யார் என்றார். பெரியம்மா என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்றார். அதிகாரி குழம்பி, அப்படியானால் இவர் யார் என்று கேட்டார். அம்மா என்றாள். இவருக்கும் உன்னைப் பெற்றவருக்கும் என்ன உறவு என்றார். அக்கா தங்கச்சி என்றாள். அதிகாரி ரொம்ப நேரம் எழுதினாராம்.

முடிவில், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று உன்னைக் கேட்டபோது, சொல்ல ஒன்றுமில்லை, கேட்க ஒன்று இருக்கிறது என்றாய். “உங்க ஊர்ல தாயில்லாத புள்ளய யார் மேடம் வளப்பாங்கோ?”

அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. யாராவது சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் அரசாங்கம் ஏற்பாடு செய்யும் குடும்பம் என்றார். “வளத்தவங்கள அது இன்னான்னு கூப்புடும்?” என்றாய். அவர் சிரித்துவிட்டு, நேரம் முடிந்துவிட்டது என்றார். டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டு, அம்மா என்று சொல்ல அந்த மேடத்துக்கும் ஆசைதான், அவர் முகத்தில் தெரிந்தது என்று நீ என்னிடம் சாதித்தாய்.

பதில் ‘இல்லை’ என்று வந்தது. சிறுமியைப் பெற்றவர் தன் ‘ஆன்ட்’ என்று சிறுமியே சொல்லியிருக்கிறாள், தாய் என்று சொல்லப்படுபவரும் ஆவணங்களின்படி ‘ஆன்ட்’தான், ஆகவே உறவு தெளிவாக நிறுவப்படவில்லை என்றிருந்தது. வாசித்துச் சொன்னேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

மேல்முறையீட்டுக்காக நான் எழுதியது ஒரு பக்கம்தான். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தலைப்பிட்டேன். என் தொழிலில் நான் எழுதிய மிக நல்ல பக்கம் அது என்று இன்றும் நினைக்கிறேன். தமிழில் தாயின் அக்காவும் தாய்தான், தங்கையும் தாய்தான். ஒருத்தி பெரிய அம்மா, ஒருத்தி சின்ன அம்மா. தந்தையின் சகோதரிக்கு வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரே சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அக்கா பிள்ளையும் தங்கை பிள்ளையும் எங்கள் வழக்கத்தில் உடன்பிறந்தவர்கள், அவர்களுக்குள் கல்யாணம் நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால் இந்தச் சிறுமி முரணாக எதையும் சொல்லவில்லை. தன்னை வளர்த்த தாயை மையமாக வைத்து, தன்னைப் பெற்ற தாயை அவரிடமிருந்து அளந்து சொல்லியிருக்கிறாள். இப்படி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்தேன். இதற்கு முன் அந்த முத்திரையை அடுத்தவர் சொற்களுக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.

காலடிப்பேட்டையில் சாட்சி வாங்கப் போனது தனிக் கதை. தடுப்பூசி போட்ட நர்ஸ், பள்ளித் தலைமையாசிரியை, வாடகை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். மல்லிகாக்காவிடம் போய், காவ்யாவை இவள் தன் மகளாக வளர்த்தாள் என்பதற்கு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது அவ பொண்ணுதாம்மா. இத்த போய் இன்னான்னு சாட்சி சொல்லுவாங்கோ? இது சேலை, இது பாவாடைன்னு சாட்சி சொல்லுவாங்களா?” என்றார். அதை அப்படியே எழுதி மொழிபெயர்த்தேன். வழக்கறிஞர் அதைத்தான் தன் வாதத்தின் முதல் வரியாக வைத்தாராம்.

காத்திருந்த காலத்தில் கிஷோர் பள்ளிக்குப் போகத் தொடங்கினான், காவ்யா உன் உயரத்துக்கு வளர்ந்தாள். ஒரு மழைநாளில் வழக்கறிஞரே நேராக என்னைக் கூப்பிட்டார். தீர்ப்பில், கைக்குழந்தைப் பருவம் முதல் இருந்துவரும் தாய் மகள் உறவு இது, ரவியும் நாட்டைவிட்டு வரும் முன்பே அவளுக்குத் தந்தையாக இருந்திருக்கிறார், இவர்களைப் பிரித்து வைப்பது சிறுமியின் நலனுக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருந்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் நடந்தே உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாய். ஆனாலும் முதலில் நீ கேட்டது, “மூணு பேருக்கும்தான?”

அங்கே போனபிறகும் உன் கேள்விகள் நிற்கவில்லை. போனில் வருவாய். இங்கே மீன்காரர் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அட்டைப் பெட்டியைக் காட்டுகிறார் என்பாய். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள், யாரும் வருவதில்லை, அவர்களுக்கும் ஏதாவது மனுப் போட முடியுமா என்று கேட்டாய். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அந்த அம்மாவின் பிள்ளைகளில் ஒருவரை நீயே போன் செய்து வரவழைத்தாய் என்று பிறகு காவ்யா சொன்னாள். உனக்கு அந்த மொழி பாதிகூட வராது, எப்படிப் பேசினாயோ.

புற்றுநோய் என்று தெரிந்தபோது நீ டாக்டரைக் கேட்ட கேள்விகளைக் காவ்யாதான் மொழிபெயர்த்தாளாம். சிலவற்றைச் சொல்ல முடியாமல் நின்றபோது, “அப்படியே சொல்லு. மாத்தாத” என்றாயாம். கடைசியாக நாம் பேசியபோது உன் குரல் மெலிந்திருந்தது. துறைமுகத்தில் இப்போது எந்த ஊர்க் கப்பல் நிற்கிறது என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னாய். பார்த்து வைத்தேன். சொல்வதற்குள் நீ இல்லை.

சாம்பலை எடுத்துக்கொண்டு காவ்யாவும் கிஷோரும் போன மாசியில் வந்தார்கள். ரவியின் பயணப் பத்திரம் உரிய நேரத்தில் தயாராகவில்லை. உன் அண்ணன் தாமு குப்பத்துப் படகை எடுத்திருந்தார். கரையில் பெரியவர்கள் சிலர், பையன் பானையைப் பிடிக்கட்டும், பொம்பளைப் பிள்ளை கரையில் நிற்கட்டும் என்றார்கள். ஒருவர் தணிந்த குரலில், அது அவள் பெற்றதும் இல்லையே என்றார். காவ்யாவின் காதில் அது விழுந்தது, ஆனால் அவள் தலை குனியவில்லை.  அவ்வளவு தூரத்தில் அத்தனை காகிதம் போட்டு ஜெயித்ததை, உன் சொந்தக் கரையில் ஒருவர் ஒரே வார்த்தையில் இல்லையென்று ஆக்கிவிடுவாரோ என்று நினைத்தேன்.

தாமு என்ஜின் கயிற்றைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். “எந்தங்கச்சிக்கு மூத்தது இவதான். வாம்மா, ஏறு” என்றார். அவ்வளவுதான்.  அவள் பானையோடு ஏறினாள், கிஷோர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டி, தண்ணீர் நிறம் மாறும் இடம்வரை போய்வந்தார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சமுதாயம் என்று நீ கேட்டாயே. நம்முடையதும் ஒரே குரலில் பேசுவதில்லை, அதற்குள்ளும் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது என் மேசைக்கு யார் வந்தாலும் காகிதத்தை வாங்கும் முன், உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். முதலில் சான்றிதழில் இருப்பவர்களைச் சொல்வார்கள். நான் பேசாமல் காத்திருந்தால் மெல்ல மற்றவர்களும் வருவார்கள்: அண்ணன் விட்டுப்போன பிள்ளை, கூடவே இருக்கும் விதவை அத்தை, யாருக்கும் சொந்தமில்லாமல் வந்து சேர்ந்து இருபது வருடமாக அங்கேயே சாப்பிடும் ஒருவர். இப்படிக் கேட்பதை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். சிலருக்கு இது எரிச்சல். பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல ஆசை.

ஒரு கேள்வி மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. காவ்யாவுக்கு ரவி அப்பாவானது உன்னால். நீ இல்லாதபோது அந்த இரண்டு பேரையும் ரத்தமோ பத்திரமோ எதுவும் இணைக்கவில்லை. அவளுக்கு வயது வந்துவிட்டது, வேலைக்கும் போகிறாள், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சட்டத்தில் தேடிப் பார்த்தேன், தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று போன வாரம் போன் போட்டேன். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே காவ்யா அவசரமாகச் சொன்னாள்:

“ஆன்ட்டி, அப்புறம் பேசறேன். அப்பா இன்னிக்கு மொத தடவையா அவங்க ஊரு தேங்காப்பால் சொதி வெச்சிகினு கீறாரு. பக்கத்துல நிக்கலைன்னா உப்ப ரெண்டு வாட்டி போட்டுடுவாரு.”

பின்னால் பாத்திரம் விழும் சத்தமும், அவர் என்னமோ கேட்பதும், கிஷோர் சிரிப்பதும் கேட்டது. சரி, போ என்று வைத்துவிட்டேன்.